உழைப்பும் படிப்பும்: சாத்தாராவும் சான் மார்கோஸும்

நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்கா போய்ப் படிப்பது சகஜமாகிவிட்ட பிறகு, சங்கத்து விழாக்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "பையன் யுனிவர்சிட்டி கேன்டீன்ல தட்டு கழுவறானாம், வெளியில சொல்லிடாதீங்க" என்பார் ஒரு தாயார். "அட, அங்கெல்லாம் பெரிய பணக்காரன் பிள்ளைகூட வேலை செஞ்சுதாங்க படிக்கும்" என்று பக்கத்து நாற்காலிக்காரர் சமாதானம் சொல்வார். இரண்டு பேச்சிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. வேலை செய்து படிப்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் உலகத்தில் எங்கேயும் அது ஆதிமுதல் கௌரவமாக இருந்ததும் இல்லை. ஏழை மாணவனுக்குக் கல்லூரி வளாகத்திலேயே சில மணி நேர வேலை கொடுத்து, அதற்குக் கூலியும் கொடுத்துப் படிக்க வைக்கும் ஏற்பாடு நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு உருவானது. அந்த வரலாற்றில் நாம் குடியேறி வாழும் இந்த மகாராஷ்டிர மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

வாரச் சாப்பாடு

பழைய ஏற்பாட்டிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊரில் வாரச் சாப்பாடு என்று ஒன்று இருந்தது. திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று ஏழு நாளுக்கு ஏழு வீட்டில் சாப்பிட்டு ஏழைப் பையன் படிப்பான். சங்கதி என்னவென்றால், இதே வழக்கம் இதே சொல்லோடு புனேயிலும் இருந்தது. கிழமையை மராட்டியில் 'வார்' என்பார்கள். வார் வைத்துச் சாப்பிட்டுப் படித்தவர்களும், வீடு வீடாகப் போய் 'மதுகரி' வாங்கிச் சாப்பிட்டுப் படித்தவர்களும் இங்கே ஏராளம். யாசித்தாவது படி என்று வெற்றிவேற்கை சொன்னதை நம் முன்னோர் சும்மா ஏட்டில் வைத்திருக்கவில்லை; நடத்தியே காட்டினார்கள்.

இதில் கருணை இருந்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் இரண்டு குறைகளும் இருந்தன. முதலாவது, அந்த ஏழு வீடும் பெரும்பாலும் ஒரே சாதி வீடுகள். அந்த வீட்டுத் திண்ணையை மிதிக்க முடியாத பிள்ளைக்கு வாரமும் கிடையாது, மதுகரியும் கிடையாது. இரண்டாவது, சாப்பிட்ட பிள்ளை வாழ்நாள் முழுக்க நன்றிக்கடன் பட்டவன் ஆகிவிடுகிறான். கூலி வாங்கியவனுக்குக் கணக்கு அன்றைக்கே முடிந்துவிடும். சோறு வாங்கியவனுக்குக் கணக்கு முடிவதே இல்லை.

கேம்பிரிட்ஜின் எடுபிடிகள்

"வெள்ளைக்காரன் ஊரில் இதெல்லாம் கிடையாது" என்று நினைத்தால் அது தவறு. கேம்பிரிட்ஜில் 'சைசர்' என்று ஒரு மாணவர் வகுப்பு இருந்தது. கட்டணத்திலும் சாப்பாட்டிலும் சலுகை உண்டு. பதிலுக்கு எடுபிடி வேலை செய்யவேண்டும். மேசையில் பரிமாறுவது, ஆசிரியர்களை எழுப்பிவிடுவது, கழிவுச் சட்டியைக் கொட்டுவது எல்லாம் இவர்கள் பாடு. 1661இல் டிரினிட்டி கல்லூரியில் இப்படித் துணைச் சைசராகச் சேர்ந்தவர்தான் ஐசக் நியூட்டன். இத்தனைக்கும் அவர் தாயார் வசதியுள்ள பெண்மணி. 1664இல் உதவித்தொகை பெறும் மாணவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகே அந்த நிலை மாறியது.

இங்கே வேலை என்பது அந்தஸ்தின் அடையாளம். ஒரே வகுப்பில் படித்தாலும் பணக்கார மாணவன் உட்கார்ந்து சாப்பிடுவான், ஏழை மாணவன் நின்று பரிமாறுவான். ஏழை மாணவனுக்கு வேலை கொடுத்தால் மட்டும் போதாது, அந்த வேலை அவனை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்பதையும் பார்க்கவேண்டும். இந்தப் பாடத்தை நியூட்டன் காலத்துக் கேம்பிரிட்ஜிலிருந்தே நாம் எடுத்துக்கொள்ளலாம்.

துடைப்பமும் அதன் மறுபக்கமும்

அமெரிக்காவில் கதை வேறு விதமாகப் போயிற்று. கென்டக்கி மாநிலத்தில் 1855இல் ஜான் ஃபீ என்ற அடிமை ஒழிப்புப் போதகர் தொடங்கிய பெரியா கல்லூரி, 1892 முதல் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. அங்கே படிக்கும் அத்தனை பேரும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் வேலை செய்தாக வேண்டும். எல்லாரும் செய்வதால் யாருக்கும் கூச்சமில்லை. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து படித்த கல்லூரி அது. 1904இல் மாநிலச் சட்டம் அதைத் தடுத்தது. 1908இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டத்தை ஒப்புக்கொண்டது. சாப்பாட்டு மேசையில் சமத்துவம் கொண்டுவர நினைத்த கல்லூரிக்கு வகுப்பறையிலேயே சமத்துவம் மறுக்கப்பட்ட காலம்.

1872இல் வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் கல்வி நிலையத்துக்கு அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட குடும்பத்துப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். அவனுக்கு நுழைவுத் தேர்வாக அமைந்தது ஓர் அறையைக் கூட்டித் துடைக்கும் வேலை. பிறகு துப்புரவுப் பணியாளாக உழைத்தே சாப்பாட்டுச் செலவைச் சரிக்கட்டிப் படித்தான். அவர்தான் புக்கர் டி. வாஷிங்டன். 1881இல் டஸ்கீகி கல்வி நிலையத்தை அவர் நடத்தத் தொடங்கியபோது மாணவர்களே செங்கல் அறுத்து, சூளை போட்டு, கட்டடம் எழுப்பினார்கள்.

இதற்கு எதிர்ப்பும் வந்தது. 1903இல் டூ போய்ஸ் என்ற கறுப்பினப் பேரறிஞர் கடுமையாகக் கேட்டார்: கறுப்பினப் பிள்ளைக்குக் கைத்தொழிலே போதும் என்று நாமே சொல்லிக்கொண்டு போனால், உயர்கல்வியின் கதவை நாமே சாத்துவதாகாதா? உழைப்பைக் கும்பிடச் சொல்லி அடுத்தவனை அதே உழைப்பிலேயே கட்டிப்போட முடியும் என்பதை அவர் கண்டுகொண்டார். இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொண்டு சாத்தாராவுக்கு வருவோம்.

கர்மவீரரின் விடுதி

1873இல் ஜோதிராவ் பூலே 'குலாம்கிரி' என்ற நூலை எழுதியபோது, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்கே அதைக் காணிக்கையாக்கினார். அமெரிக்காவில் அடிமைத்தனம் ஒழிந்ததும் இங்கே சூத்திரர் கல்வி பெறுவதும் ஒரே நியாயத்தின் இரண்டு பக்கம் என்று கண்டவர் அவர். அந்தச் சத்தியசோதக் மரபில் வந்தவர் கர்மவீரர் பாவுராவ் பாட்டீல்.

1887இல் கும்போஜ் என்ற ஊரில் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். பட்டம் எதுவும் பெற்றவரல்லர். கோலாப்பூரில் படித்த காலத்தில் சாகு மகாராஜாவின் விடுதி இயக்கத்தை நேரில் பார்த்தவர். அங்கே ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு விடுதி என்று ஏற்பட்டிருந்தது. பாவுராவ் ஒரு படி மேலே போனார். 1919இல் காலே என்ற கிராமத்தில் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவைத் தொடங்கினார். ரயத் என்றால் குடியானவன். நம் ஊர் 'ரயத்துவாரி'யில் வரும் அதே ரயத். 1924இல் சாத்தாராவில் அவர் திறந்த விடுதியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். தீண்டப்படாதவன் என்று ஊர் ஒதுக்கிய பையனும் மராட்டாப் பையனும் ஒரே அடுப்புச் சோற்றைச் சாப்பிட்டார்கள். 1927இல் காந்தியடிகள் வந்து அதற்குச் சத்ரபதி சாகு விடுதி என்று பெயர் சூட்டினார். விடுதியில் அடுப்பெரிய வழியில்லாத நாட்களில் பாவுராவின் மனைவி லட்சுமிபாய் நகைகளைக் கொடுத்தார்; கடைசியில் தாலியையும் கொடுத்தார். இன்றைக்கும் சாத்தாரா வட்டாரத்தில் அந்தக் கதையைத் தெரியாதவர் இருக்கமாட்டார்கள்.

இந்த விடுதியின் அடிப்படைக் கொள்கை தற்சார்புக் கல்வி. பையன்கள் நிலத்தில் பாடுபட்டார்கள், கட்டட வேலை செய்தார்கள், சமைத்தார்கள். "காசில்லை, அதனால் படிப்பில்லை" என்று எந்தப் பிள்ளையும் திரும்பிப் போகக்கூடாது. "தர்மச் சோறு தின்னு படிச்சவன்" என்று எந்தப் பிள்ளையையும் யாரும் சொல்லவும் கூடாது. இந்த இரண்டையும் ஒருசேரச் சாதிக்க அவர் கண்ட வழிதான் 'கமவா ஆணி சிகா', அதாவது சம்பாதி, படி. 1940இல் மகாராஜா சாயாஜிராவ் பெயரில் உயர்நிலைப் பள்ளியும், 1947இல் சாத்தாராவில் சத்ரபதி சிவாஜி கல்லூரியும், 1954இல் கராடில் காட்கே மகாராஜ் பெயரில் கல்லூரியும் எழுந்தன. 1959இல் பத்மபூஷண் விருதும் புனே பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டமும் பெற்று, அதே ஆண்டு மே 9 அன்று மறைந்தார். இன்று ரயத் சன்ஸ்தாவின் கீழ் நூற்றுக்கணக்கான பள்ளிகளும் நாற்பதுக்கு மேற்பட்ட கல்லூரிகளும் இருக்கின்றன. சாவித்ரிபாய் பூலே புனே பல்கலைக்கழகம் அவர் பெயரிலேயே 'சம்பாதி, படி' திட்டத்தை நடத்துகிறது. நூலகம், அலுவலகம், தோட்டம் என்று வளாகத்தில் வேலை பார்த்து மணிக்கணக்குப்படி ஊதியம் வாங்கும் கிராமத்துப் பிள்ளைகளை அங்கே காணலாம்.

குப்பை பொறுக்கியவர் போட்ட கையெழுத்து

சாத்தாராவில் விடுதி நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், டெக்சாஸ் மாநிலத்தின் சான் மார்கோஸ் என்ற சிற்றூரில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. 1927இல் அங்கே சேர்ந்த ஓர் ஏழைப் பையனுக்கு வளாகத்தில் காகிதக் குப்பை பொறுக்கும் வேலை கிடைத்தது. பிறகு துப்புரவாளருக்கு உதவியாள். அதன் பிறகு கல்லூரித் தலைவரின் அலுவலகத்தில் ஏவலாள். நடுவில் காசு போதாமல் படிப்பை ஓராண்டு நிறுத்திவிட்டு, மெக்சிகோ வழிவந்த ஏழைப் பிள்ளைகளுக்குக் கொட்டுல்லா என்ற ஊரில் வாத்தியார் வேலை பார்த்தார். 1930இல் பட்டம் வாங்கினார். பெயர் லிண்டன் ஜான்சன்.

அந்நேரம் பார்த்துப் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தது. கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். 1934இல் கூட்டரசு முதன்முறையாக நாடு முழுவதும் கல்லூரி மாணவர்களின் வளாக வேலைக்குக் கூலி கொடுக்க முன்வந்தது. 1935 ஜூன் 26 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் தேசிய இளைஞர் நிர்வாகத்தை அமைத்தார். கல்லூரி மாணவருக்கு மாதம் சராசரி 15 டாலர். நூலகத்தில் அட்டவணை போடலாம், ஆய்வகத்தில் உதவலாம். நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வக எலிகளுக்குத் தீனி போட்டு இந்தப் பதினைந்து டாலரை வாங்கியவர். பின்னாளில் அதிபரான ரிச்சர்ட் நிக்சன் டியூக் சட்டக் கல்லூரியில் மணிக்கு 35 சென்டுக்கு உழைத்தவர். கறுப்பின மாணவர்களுக்கும் இந்த உதவி போய்ச் சேர மேரி மெக்லியட் பெத்யூன் அம்மையார் நிர்வாகத்துக்குள்ளேயே இருந்து போராடினார். டெக்சாஸ் மாநில இயக்குநராக நியமிக்கப்பட்டவர் யார் தெரியுமா? இருபத்தாறே வயதான அதே லிண்டன் ஜான்சன்தான். 1943இல் போர்க்காலத்தில் அந்த நிர்வாகம் மூடப்படும்வரை இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பயன்பெற்றார்கள்.

அதற்கப்புறம் இருபது ஆண்டுக்கு இது பெரிதாக எழவில்லை. ஜான்சன் அதிபரான பிறகு, வறுமை மீது தொடுத்த போரின் பகுதியாக 1964 ஆகஸ்டு 20 அன்று பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 'வேலை-படிப்பு'த் திட்டம் அதில்தான் பிறந்தது. ஏழைக் குடும்பத்து மாணவருக்குக் கல்லூரி வேலை கொடுக்கும். கூலியில் 90 விழுக்காட்டை அரசு கொடுக்கும். வகுப்பு நடக்கும் வாரங்களில் 15 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. 1965 நவம்பர் 8 அன்று உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட ஜான்சன் தேர்ந்தெடுத்த இடம் தம் பழைய சான் மார்கோஸ் கல்லூரி. தரை கூட்டியது முதல் காலுறை விற்றது வரை தாம் பார்த்த வேலைகளை அன்றைக்கு அந்த மேடையிலேயே நினைவுகூர்ந்தார். தாம் பொறுக்கிய குப்பையைச் சொல்ல ஒரு நாட்டின் அதிபர் கூசவில்லை.

நம் ஊரின் சந்தேகம்

"இதெல்லாம் சரி, குலக்கல்வியை மறந்துட்டீங்களா?" என்று தமிழர்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். 1953இல் சென்னை மாகாண முதல்வர் இராஜாஜி கொண்டுவந்த திட்டப்படி, கிராமத் தொடக்கப் பள்ளிப் பிள்ளை நாளுக்கு மூன்று மணி நேரம்தான் பள்ளியில் இருக்கும். மீதி நேரம் குடும்பத் தொழிலைப் பழகவேண்டும். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார்கள். 1954இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். "படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு வேலை?" என்ற குரல் நம்மிடம் இன்றும் பலமாக இருப்பதற்கு இதுவே காரணம். டூ போய்ஸ் 1903இல் கேட்ட கேள்வியும் இதுவும் உடன்பிறப்புகள்.

அப்படியானால் சாத்தாராவுக்கும் குலக்கல்விக்கும் என்ன வித்தியாசம்? மூன்று கேள்விகளைக் கேட்டால் விளங்கிவிடும் என்று நான் கருதுகிறேன். ஒன்று, வேலை யாரை எந்த இடத்தில் வைக்கிறது? குலக்கல்வி வண்ணான் பிள்ளையை வெளுக்கும் துறைக்கே அனுப்பியது. சாத்தாரா எல்லாச் சாதிப் பிள்ளையையும் ஒரே வயலில் இறக்கியது. இரண்டு, உழைப்பின் பயன் யாருக்கு? சாத்தாராவில் அது அந்தப் பிள்ளையின் சோற்றுக்கும் படிப்புக்கும் போயிற்று. சான் மார்கோஸில் கையில் கூலியாகவே வந்தது. மூன்று, வேலை படிப்பைத் தின்கிறதா, காப்பாற்றுகிறதா? குலக்கல்வியில் வகுப்பு நேரமே குறைக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைக்கப்பட்டது வேலை நேரம். இந்த மூன்று கேள்விக்கும் சரியான பதில் சொல்லும் திட்டம் விடுதலைக்கு வழி. ஒன்றில் தவறினாலும் அது பழைய கட்டுக்கே புதுக் கயிறாகிவிடும்.

இன்றைய நிலை

அமெரிக்கத் திட்டம் இன்றும் நடக்கிறது. அதிலும் ஓட்டைகள் இருக்கின்றன. அரசின் பங்கு பொதுவாக 75 விழுக்காடாகிவிட்டது. 2020களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. கூலி, சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக்கூடாது. கூட்டரசின் அந்தக் குறைந்தபட்சம் 2009இல் வைத்த மணிக்கு 7.25 டாலர்தான். பணத்தைக் கல்லூரிகளுக்குப் பிரிக்கும் கணக்கு பழைய ஒதுக்கீட்டை அடிப்படையாகக் கொண்டிருப்பதால், நெடுநாளாகத் திட்டத்தில் இருக்கும் வசதியான தனியார் கல்லூரிகளுக்குக் கூடுதலாகவும், ஏழைகள் நிறையப் படிக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்குக் குறைவாகவும் போகிறது. உதவிக் கடிதத்தில் தொகை எழுதியிருந்தாலும் வேலையை மாணவரே தேடிக்கொள்ளவேண்டும், உழைத்தால்தான் காசு. ஜூடித் ஸ்காட்-கிளேட்டன் முதலியோரின் ஆய்வுகள், எப்படியும் வெளியே எங்கேனும் வேலை பார்த்தே தீரவேண்டிய ஏழை மாணவருக்கு வளாக வேலை நல்ல பலன் தருகிறது என்று காட்டுகின்றன. காரணம் எளிது. கடைக்காரர் பரீட்சைக்கு விடுப்புத் தரமாட்டார்; நூலகர் தருவார்.

இங்கே நம் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் மாணவர் விசாவில் போகிறவர்கள். அவர்களுக்கு அந்த அரசுத் திட்டத்தில் இடமில்லை. அது குடிமக்களுக்கும் நிரந்தரமாகக் குடியேறியவர் போன்ற சிலருக்கும் மட்டுமே. படிப்புப் பருவத்தில் வாரம் 20 மணி நேரம்வரை வளாகத்துக்குள் வேலை பார்க்க மட்டும் அனுமதி உண்டு. "அங்க போய் வேலை பார்த்தே ஃபீஸ் கட்டிடுவான்" என்று கணக்குப் போட்டு வீட்டை அடகு வைப்பது ஆபத்து. சாப்பாட்டுச் செலவுக்கு உதவும். கல்விக் கட்டணத்துக்குக் காணாது. அதற்காகத் தட்டு கழுவுகிற பையனைப் பற்றி ரகசியம் பேசவும் வேண்டாம்.

நம் சங்கம் செய்யக்கூடியது

இந்த வரலாற்றிலிருந்து நமக்கும் ஒரு கடமை பிறக்கிறது. ஊர்விட்டு ஊர் வந்த தமிழர் சங்கங்கள் பலவும் ஆண்டுதோறும் ஏழை மாணவருக்கு உதவித்தொகை வழங்குகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் எப்படி வழங்குகிறோம்? மேடைக்குக் கூப்பிட்டு, தகப்பனார் என்ன கூலி வேலை செய்கிறார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, உறையைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுக்கிறோம். அந்தப் புகைப்படம் மலரில் வருகிறது. பதினெட்டு வயதுப் பெண் அதைத் தோழியிடம் காட்டுவாளா? வாரச் சாப்பாட்டின் பழைய நன்றிக்கடனை நாம் புதிய மேடையில் வசூலிக்கிறோம்.

சங்கத்திலும் வேலைக்குப் பஞ்சமில்லை. நூலகத்தில் அட்டவணை இல்லாத தமிழ்ப் புத்தகங்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. பழைய மலர்களைக் கணினியில் ஏற்றவேண்டும். ஞாயிறு தமிழ் வகுப்புக்குத் துணை ஆசிரியர் வேண்டும். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு வங்கிப் படிவம் நிரப்பவும், மருத்துவமனைக்குத் துணை போகவும் ஆள் வேண்டும். உதவித்தொகைப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு வாரம் எட்டு அல்லது பத்து மணி நேர வேலை தரலாம். மணிக்கு இவ்வளவு என்று நியாயமான ஊதியம், நேராக வங்கிக் கணக்கில். தேர்வு மாதத்தில் வேலை இல்லை. தேவையுள்ளவரைத் தேர்ந்தெடுப்பது செயலாளருக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். வேலை மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது: வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் ஊதியமில்லாமல் அதே நூலகத்தில் அதே தூசியைத் தட்டட்டும். அப்போது புத்தகம் அடுக்குகிற பிள்ளைகளில் யார் ஏழை, யார் பணக்காரர் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எதற்கும் வழியில்லாத பிள்ளைக்கும் நோயாளிப் பிள்ளைக்கும் வேலை எதுவும் கேட்காமல் முழுத்தொகையும் கொடுத்துவிடவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். உழைக்க முடிந்தவனுக்கு மட்டும்தான் படிப்பு என்றால் அதுவும் ஒரு கதவடைப்பே.

பெரிய நிதி இதற்குத் தேவையில்லை. நான்கு பிள்ளைகளோடு தொடங்கலாம். வரும் பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர அன்பர்கள் முன்வந்தால், நூலக அட்டவணை வேலைக்கான திட்டத்தை எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன்.